உள்ளடக்கற் குழுத் தலைவர் தேநீர் அருந்திய வரலாறு

பன்மைத்துவத்தை உலகத்துக்குக் கொடுத்தது ஐக்கிய நாடுகள் சபை என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். சுத்தப் பொய். கொடுத்தவர் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரும் ஓய்வுபெற்ற கூட்டுறவுப் பரிசோதகருமான திருவாளர் பஞ்சலிங்கம் அவர்கள். ஊர் சண்டிலிப்பாய்க்கும் பண்டத்தரிப்புக்கும் நடுவில் கிடக்கிறது. பெயரைச் சொன்னால் ‘முன்அனுமதி பெறவில்லை’ என்று சண்டைக்கு வருவார்கள். விட்டுவிடுவோம்.

கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்தது. கிராமந்தோறும் ஓர் ‘உள்ளடக்கற் குழு’ அமைக்க வேண்டும். சகல சமூகத்தவரும் ஒருவர் வீட்டில் மற்றவர் தேநீர் அருந்த வேண்டும். சிறந்த கிராமத்துக்கு ஒரு ‘பன்மைத்துவ மண்டபம்’ கிடைக்கும். அதன் வாசலில் குழுத் தலைவரின் பெயர் கருங்கல்லில் பொறிக்கப்படும். இந்தக் கடைசிப் பந்தியை மட்டும் பஞ்சலிங்கம் மனைவி பராசக்திக்கு உரத்து வாசித்துக் காட்டினார். தகப்பன் பெயர் வாசிகசாலைச் சுவரில் கல்லில் இருக்கிறது. பாட்டன் பெயர் சுடலை மதிலில் இருக்கிறது. தன் பெயர் மட்டும் மின்சார பில்லிலேயே கிடக்கிறதே என்று மனிதருக்கு நெடுநாள் மனவருத்தம், பாவம்.

வேலை மும்முரமானது. பட்டினத்திலிருந்து ஒரு முஸ்லிம் புடைவை வியாபாரி கொண்டுவரப்பட்டார். சிங்களப் பேக்கரி முதலாளி ஒருவர் கேக்கோடு வந்தார். கோப்பாய்ச் சந்தியில் தன்பாட்டில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரை மறித்து, வேட்டி கட்டி, ‘சர்வதேச சமூகம்’ என்று முன்வரிசையில் இருத்தினார்கள்.

“என்னப்பா, பின் ஒழுங்கை ஆக்களுக்குச் சொல்லேல்லையோ?” என்று பராசக்தி கேட்டார்.

“விசர்க் கதை கதையாதை. அவை எங்கடை ஆக்கள். உள்ளுக்கு இருக்கிற ஆக்களை எப்பிடி உள்ளடக்கிறது?”

எவ்வளவு ஆழமான சிந்தனை! சாதி என்ற சொல் சுற்றறிக்கையில் இல்லை. சுற்றறிக்கையில் இல்லாத ஒன்று ஊரில் எப்படி இருக்க முடியும்?

ஆனாலும் பின் ஒழுங்கையிலிருந்து ஒருவர் தினமும் அந்த வீட்டுக்கு வந்துபோனார். ஓய்வுபெற்ற தாதி இராசமலர், ஊருக்கெல்லாம் ‘மிஸி’. தலைவருக்குச் சீனி வருத்தம். காலையில் இன்சுலின் ஊசி போடுவது மிஸிதான். மிஸியின் கை தோலுக்கு உள்ளே போகலாம், தொண்டைக்குள் எதையும் அனுப்பக் கூடாது. இந்த நுட்பமான வேறுபாடு மருத்துவ உலகத்துக்கு இன்னும் எட்டவில்லை.

“அண்ணை, ஊசி போட்டாச்சு. அரை மணித்தியாலத்துக்குள்ளை சாப்பிட்டுப்போடுங்கோ” என்றார் மதிப்பீட்டு நாளன்றும் மிஸி.

“ஓம் மிஸி, ஓம்” என்றவர் மாவிலை கட்டப் போய்விட்டார். சாப்பிடவில்லை.

மதிப்பீட்டு உத்தியோகத்தர் தர்சினி கொழும்பிலிருந்து கமராக்காரனோடு வந்து இறங்கினார். மிஸி ‘சுகாதாரப் பிரதிநிதி’யாக மறிக்கப்பட்டார். தேநீர் வந்தது. தலைவரின் பாட்டனுக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை பரிசளித்த பீங்கான் கப்புகளில் வந்தது. மாட்டிறைச்சியும் பிராந்தியும் புழங்கிய வாயைத் துரை அவற்றில் வைத்தவர். அதனால் அவற்றின் ஆசாரம் கூடியதே தவிரக் குறையவில்லை. வியாபாரிக்குப் பீங்கான். பேக்கரிக்குப் பீங்கான். சர்வதேச சமூகத்துக்குப் பீங்கான். மிஸிக்கு ஒரு கடதாசிக் கப்.

“இவவுக்கு மட்டும் ஏன் கடதாசி?” என்று தர்சினி கேட்டார்.

“சுற்றாடல் பாதுகாப்பு, மேடம். சுகாதாரத்துறைக்கு முன்னுரிமை குடுத்திருக்கிறம்.”

தர்சினி ‘ஒருங்கிணைந்த அணுகுமுறை’ என்று குறித்துக்கொண்டார். “நல்லது. இனி தலைவர் ஒரு உறுப்பினரின்ரை வீட்டிலை தேத்தண்ணி குடிக்கிற படம் வேணும். ஆரின்ரை வீடு கிட்ட?”

“என்ரை வீடுதான்” என்றார் மிஸி.

ஊரே ஒழுங்கைக்குள் இறங்கியது. மேசையில் விரிப்பு, அதில் ஒரு கப் தேநீர், ஆவி பறந்தது. தலைவர் அதைப் பார்த்தார். அதற்கு அப்பால் கருங்கல் தெரிந்தது. வியர்த்தது.

“எனக்குச் சீனி வருத்தமெல்லோ, மிஸி.”

“சீனி போடேல்லை அண்ணை. உங்கடை சீனி எனக்குத் தெரியாதே?”

“இண்டைக்கு விரதம்.”

“இண்டைக்கு என்னப்பா விரதம்?” என்றார் பராசக்தி.

“பன்மைத்துவ விரதம்! நீ பேசாமல் நில்லு. ஒரு சோடா எடுப்பிச்சால் குடிப்பன்.”

கம்பெனியில் மூடி அடித்து வந்த போத்தலில் தீட்டு ஒட்டாது என்பது அவருடைய பரம்பரையின் விஞ்ஞானக் கண்டுபிடிப்பு. ஆனால் கூட்டத்தின் நடுவிலிருந்து கடைக்கார ஜெயரூபன், “கடை பூட்டு, அண்ணை. நானும் இந்தப் புதினம் பாக்கத்தானே வந்தனான்” என்றான்.

தலைவருக்குக் கை நடுங்கியது, கண் செருகியது. கதிரையில் சரிந்தார்.

“ஐயோ, சீனி இறங்கீட்டுது! சாப்பிடேல்லைப்போலை!” மிஸி கரண்டி கரண்டியாகச் சீனியைக் கொட்டிக் கலக்கி, அவர் தலையைத் தாங்கிப் பிடித்து, தேநீரை மெல்ல மெல்லப் பருக்கினார். கமரா படபடவென்று அடித்தது.

“எவ்வளவு அனுபவிச்சு, கண்ணை மூடிக் குடிக்கிறார்!” என்று தர்சினி உருகினார்.

கிராமம் முதலிடம் பெற்றது. மண்டபம் எழுந்தது. கல்லும் பொறித்து வந்தது. ஆனால் பதிக்க விடாமல் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. மண்டபத்தைத் தந்ததே அந்தத் தேநீர்தான். அதைக் குடித்தவரின் பெயரை மண்டபத்தில் வைக்கலாமா என்பதுதான் பிரச்சினை. தனாதிகாரி கனகசபாபதி தீர்வு சொன்னார்: “நினைவில்லாமல் குடிச்சதெண்டால் பிழையில்லை. ஆனால் எழுத்திலை வேணும்.”

எழுதித் தரக்கூடியவர் ஒருவர்தானே! மறுநாள் காலை, ஊசிக்குச் சட்டைக் கையை மடித்துக்கொண்டே பஞ்சலிங்கம் குழைந்தார். “மிஸி, அண்டைக்கு நான் நினைவில்லாமல்தான் குடிச்சனான் எண்டு ஒரு துண்டு எழுதித் தாருங்கோ. கல்லு வெயிலுக்கை கிடக்குது.”

“முதல் கப் நினைவில்லாமல்தான், அண்ணை. ரெண்டாவது கப்பை நீங்களே கேட்டு வாங்கினனீங்கள். பால் விட்டுத் தா பிள்ளை எண்டனீங்கள். ‘பிள்ளை’ எண்டு என்னை நீங்கள் கூப்பிட்டதும் அண்டைக்குத்தான்.”

“ஐயோ, அப்பவும் எனக்கு அறிவு தெளியேல்லை!”

மிஸி ஊசியைப் பதமாக ஏற்றிவிட்டுப் பஞ்சால் துடைத்தார்.

“இத்தினை வருசமா உங்களைப் பாக்கிறன், அண்ணை. உங்களுக்கு அறிவு தெளிஞ்சிருந்தது அந்த ரெண்டாவது கப்புக்கு மட்டுந்தான்.”