கதவில்லாத பஸ்

நாமக்கல்லில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களில் கருப்புத்திரையாரிடம் திட்டு வாங்காதவர் ஒருவர்கூடக் கிடையாது. ரிப்பேருக்குத்தான் வருவார், ரிப்பேரைவிடத் திட்டு அதிகம். அவர் கம்ப்யூட்டரில் எப்போதும் கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஊரே வைத்திருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தொட்டால் கை கழுவுவார். சோப்பு நான் கொடுக்க வேண்டும்.

எனக்கு லாரி ஸ்டிக்கர் வெட்டும் கடை. அதோடு நிறுத்தாமல், டிரைவர்களின் பென்டிரைவில் பாட்டும் ஏற்றிக் கொடுப்பேன். எல்லாம் காஷ்மீர் வரை போய்வந்த பென்டிரைவ்கள். வருஷம் முழுக்க வைரஸ். ஒவ்வொரு தடவையும் அவருக்குப் போன் போட்டு அழுவேன்.

“எல்லாரும் வச்சிருக்கறதுனாலதாங்ணா வைரஸ் வருது. கூட்டமான பஸ்ஸுலதான பிக்பாக்கெட் அடிப்பான்?” என்பேன்.

“கூட்டம் மட்டுமில்ல சாமி. அந்த பஸ்ஸுக்குக் கதவே கெடையாது!” என்பார்.

பல வருஷ வாதம். தீர்ந்தது என் டீத்தூள்தான்.

ஒருநாள் காலை, முதல் லாரி வாங்கிய முருகேசன் வந்து நின்றார். பத்தரைக்குப் பூஜை. மகள் தன் கையால் எழுதிக் கொடுத்த பெயரை அப்படியே லாரி நெற்றியில் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் வண்டியை எடுக்க மாட்டார். மூன்று நாள் உட்கார்ந்து டிசைன் செய்திருந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். ஒரே சிவப்பு. எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டோம், பணம் கட்டு என்றது.

கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கினேன். பரவிவிடுமோ என்று ஃபேன் வயரையும், கடைசியில் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியையும் பிடுங்கினேன்.

“ஏனுங்க, மணி என்னாச்சுங்க?” என்றார் முருகேசன்.

போன் போட்டதும் கருப்புத்திரையார் மொபெட்டில் வந்தார். ஐந்து நிமிடம் திட்டிவிட்டு, தன் பென்டிரைவைச் செருகி, அதிலிருந்த கருப்புத்திரை சிஸ்டத்தை ஓடவிட்டார். ஆரோக்கியமாக ஓடியது. ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் மட்டும் அசையவில்லை. அதற்கு அந்த சிஸ்டத்தைத் தெரியவே தெரியாதாம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “கதவெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்ணா. ஆனா உங்க பஸ்ஸு எங்கூருக்கு வராதே!”

முதல்முறையாக மனிதர் திட்டாமல் எழுந்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார். துணிப்பையிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்தார். திறந்தால், ஊரே வைத்திருக்கும் அதே சிஸ்டம்!

“யாருகிட்டயாச்சும் சொன்னீங்க, கொன்னுபோடுவேன்.”

அதில் என் மெஷினுக்கான சாஃப்ட்வேரும் ஒரு ஃபோல்டரும் தவிர வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு முறை திட்ட வந்தபோதும் என் டிசைன்களையெல்லாம் காப்பி எடுத்து, சுத்தம் பார்த்து வைத்திருக்கிறார். முந்தின நாள் மாலையும் வந்து திட்டியிருந்தார். மகள் எழுதிய பெயர் பத்திரமாக இருந்தது. பத்தரைக்கு லாரி டயரில் எலுமிச்சம்பழம் நசுங்கியது.

இப்போது அவர் அயோத்தியாப்பட்டணத்தில் மகனோடு இருக்கிறார். வாராவாரம் போனில் திட்டுகிறார். லேப்டாப் என் மேஜையில். ஃபோல்டருக்கு அவர் வைத்த பெயர் ‘அழுமூஞ்சி’. அதை நான் மாற்றவில்லை.