மில் கேட்டும் சரவணம்பட்டி கேட்டும்

சூலூர்.

உடுமலைப்பேட்டைத் தேங்காய்க் களத்தில் வீற்றிருக்கும் மரியாதைக்குரிய அண்ணன் ராசப்பன் அவர்களுக்குத் தங்கை பொற்கொடி வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நானும் என் முழங்கால் வலியும் சுகம். அவ்விடம் தாங்களும், மாசாணி அண்ணியும், தங்களுக்கு முன்னால் நடந்து வரும் தங்கள் தொப்பையும் சுகமாயிருக்க மாரியாத்தா துணை இருக்கட்டும்.

நிற்க. போன் இருக்கும்போது இவ எதுக்குக் கடுதாசி எழுதறான்னு ரோசனை பண்ணுவீங்க. என் மக மதிவதனி ஊட்டுலயே உக்காந்து கம்பெனி வேலையக் கம்ப்யூட்டர்ல தட்டறா, பேசினா அவ காதுல உழுந்துரும். அஞ்சாவது படிச்ச கை, தப்பிருந்தா பொறுத்துக்குங்க. நீங்க நாலாவதுதானே, தப்புத் தெரியாது.

விசயம் என்னன்னா, போன வாரம் சோத்துல கையை வெச்சுட்டு இவ சொல்றா, "அம்மா, எங்க கம்பெனில லே ஆஃப் பண்றாங்களாம்"னு. உங்களுக்குத் தெரியாததா? நாம மில்லுக்குப் போன புதுசுல லே ஆஃப்னா கொண்டாட்டம். பஞ்சு வரலையா, கரண்டு இல்லையா, கேட்டுல வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போ, பாதிச் சம்பளம் உண்டு. நீங்க போட்ட மை காயறதுக்குள்ள சினிமாக் கொட்டாய்ல இருப்பீங்க. அப்பறம் நாள் வாரமாச்சு, வாரம் மாசமாச்சு, கடைசியில கையெழுத்துப் போடப் போனா கேட்டுல பூட்டுத் தொங்குச்சு. வார்த்தை அதேதான், அது பாட்டுக்கு வளந்து நம்மளத் தின்னுபோட்டுச்சு. இவ கம்பெனி இருக்கற சரவணம்பட்டில அது எப்படீன்னு கேட்டா, "இங்க ஒரேயடியாப் போறதும்மா, திருப்பிக் கூப்புட மாட்டாங்க"ங்கறா. பாதிச் சம்பளம் இல்ல, கையெழுத்து இல்ல. பொறக்கும்போதே பூட்டோட பொறந்திருக்குது! போன்ல தேடிப் பார்த்துச் சொன்னா, அந்தக் காலத்துல கப்பலு கரையை உட்டுத் தள்ளிப் போறதுக்கு வெள்ளக்காரன் அப்படிச் சொன்னானாம். "கப்பல்னா திரும்பக் கரைக்கு வருமில்ல கண்ணு?"ன்னேன். பாதிச் சோத்தோட தட்டை எடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

லே ஆஃப் நாள்லயும் கேட்டுல வந்து மூஞ்சியக் காட்டாதவங்களுக்கு மில்லுல ஒண்ணும் கிடையாதுல்ல? நீங்ககூட ஒருக்கா கெடா விருந்துக்குப் போயிக் கோட்டை உட்டீங்களே. இவளோ மாசக்கணக்கா கேட்டையே பாக்காதவ. முதல்ல யாரு பேரை அடிப்பாங்க? "வேலை இருந்தாலும் போனாலும் வந்து நிக்கோணும், எந்திரி கண்ணு"ன்னு ரெண்டு பஸ் மாறிக் கூட்டிட்டுப் போயிட்டேன். அட்டையத் தேய்ச்சு அவ உள்ள போயிட்டா. நான் வெளிய மரத்தடியில. செக்யூரிட்டிக்காரர், "ஏனுங்கம்மா, யாரைப் பாக்கோணும்?"ங்கறாரு. "நான் யாரையும் பாக்கோண்டாமுங்க, அவங்க என்னைப் பாத்தாப் போதும்"னேன். மறுநாள் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு எடுத்துட்டுப் போனேன். எனக்கு வெசனம் வந்தா கை தானா மாவு பிசைஞ்சுரும். ஜன்னல்ல இருந்து பாத்துட்டு மதி ஓடியாந்து, "அம்மா, லே ஆஃப்!"னு கத்துனா. எனக்கு உசிரே இல்ல. "போட்டுட்டாங்களா?" "இல்லம்மா, உன்னைத்தான் சொல்றேன். என்னையச் சும்மா உடுன்னு அர்த்தம்." அதுக்கும் இதே வார்த்தையாமா! பெத்தவளையே வேலைய உட்டு நிறுத்தப் பாக்கறா.

அந்நேரம் பாத்து அவ மேனேஜர் ரித்விக் டீக்கடைக்கு வந்தாரு. நம்ம மில் மேனேஜர் மாதிரி மீசையும் மிரட்டலுமா இருப்பாருன்னு பாத்தா, மீசை இன்னும் வரலாமா வேண்டாமான்னு ரோசிக்குது. கச்சாயத்தக் கையில வெச்சு, "ஏனுங் கண்ணு, எங்க மதி பேரு லிஸ்ட்டுல இருக்குதுங்களா?"ன்னேன். ஒண்ணு தின்னாரு, இன்னொண்ணு தின்னாரு, பொலபொலன்னு அழுதுபோட்டாரு. "ஆன்ட்டி, என் பேரே இருக்குதுங்க. ஊட்டுல இன்னும் சொல்லல." பேரை அடிக்கறவன் பேரையே அடிச்சா, மிச்சம் இருக்கறவங்க எம்மாத்திரம்? டப்பாவ அவரு கையிலயே குடுத்துட்டு பஸ் ஏறிட்டேன்.

இதைப் படிச்சதும் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டுக் கிளம்பிருவீங்க. தயவு பண்ணி வந்துராதீங்கண்ணா. மில் கேட்டுல நீங்க போட்ட கோசத்துக்கு மேனேஜரா அசைஞ்சாரு? எதுத்த டீக்கடை ஓட்டு மேல படுத்திருந்த பூனைதான் குதிச்சு ஓடுச்சு. இதுக எல்லாம் மெதுவாப் பேசற புள்ளைங்க. இதை எழுதிட்டு இருக்கும்போதே மதியும், "நீ கேட்டுப் பக்கம் வந்தா வேலைய நானே உட்டுருவேன்"னு கும்புட்டுட்டுத் தனியாக் கிளம்பிட்டா. நானும் அடங்கி உக்காந்துட்டேன். எனக்குப் பயமெல்லாம் இல்ல. களைஞ்ச அரிசியவே மறுக்கா மறுக்காக் களைஞ்சுட்டு இருக்கறேன், அவ்வளவுதான்.

அண்ணிக்கு என் அன்பு. களத்துல காயற தேங்காப் பருப்புக்கு மழை வராம இருக்கட்டும், உங்களுக்குப் புத்தி வரட்டும். மாசாணியாத்தாகிட்ட எங்க புள்ளைக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க, கோசம் போடாம.

இப்படிக்கு,
தங்கை பொற்கொடி

பி.கு.: கவருக்குப் பசை தடவும்போது மதி கூப்புட்டா. பேரு வந்துருச்சுங்கண்ணா. கம்ப்யூட்டரை வாங்கி வெச்சுட்டாங்களாம், அட்டையத் தேய்ச்சாக் கதவு தொறக்கலையாம். "எங்க கண்ணு இருக்கற?" "கேட்டுலதாம்மா. ரித்விக்கும் நிக்கறாரு, இன்னும் நெறையப் பேரு. போனாலும் வந்து நிக்கோணும்னு நீதானே சொன்ன?" "நின்னு என்ன பண்றீங்க?" "தெரியலம்மா. ஊட்டுக்குப் போக ஒருத்தருக்கும் தைரியம் வரல. பேசாம நிக்கறோம்." போன்ல சொன்னா அழுதுபோடுவேன், அதனால இப்ப உங்க களத்துக்கு லோடு எடுக்கக் கிளம்பற லாரிக்காரர்கிட்ட இதைக் குடுத்தனுப்பறேன். மேல எழுதுனதை எல்லாம் அடிச்சுருங்க. உடனே வாங்கண்ணா. சூலூருக்கு வேண்டாம், நேரா சரவணம்பட்டி கேட்டுக்கு. அங்க கோசம் போடத் தெரிஞ்சவங்க ஒருத்தருமே இல்ல.