பால்கனி ஆண்புறா மேல் ஒரு புகார்

மத்தூர் மாமா வெங்கடசாமி அவர்களுக்கு, ஓசூரிலிருந்து மாப்பிள்ளை எல்லப்பன் கும்பிட்டு எழுதுவது. இங்கே உங்கள் மகள் வினோதாவும் கைக்குழந்தையும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் மட்டும் நலமில்லை. போனில் சொன்னால் வினோதா காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பால்கனியில் ஏசி பெட்டிக்குப் பின்னால் ஒரு புறா ஜோடி முட்டை வைத்திருக்கிறது. சாயந்திரம் முதல் விடியும்வரை பெட்டை அடைகாக்கிறது. வெயில் ஏறியதும் ஆண் வந்து உட்காருகிறான். எனக்கோ இந்த மாதம் செகண்ட் ஷிப்ட், மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. நான் வீட்டில் இருக்கிற நேரமும் அவன் உட்காருகிற நேரமும் ஒன்றாகப் போயிற்று. பேப்பரைப் பிரித்தால் போதும், "அதப் பாருங்க, பொண்டாட்டிய வெளிய அனுப்பிட்டு நகராம உக்காந்திருக்குது. நீங்களும் இருக்கீங்களே!" என்கிறாள். அவனுக்குக் கம்பு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள். அவனைப் பார்க்கிற மாதிரி என்னை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை, மாமா.

ஞாயிற்றுக்கிழமை அவள் தோழி சுகுணா வந்தாள். காலேஜில் விலங்கியல் நடத்துகிறவள். "குஞ்சு வந்ததும் ஆண்புறாவுக்கும் தொண்டைப் பையில பால் சுரக்கும். புரோலாக்டின்னு ஒரு ஹார்மோன்" என்றாள். வினோதா என்னைத் திரும்பிப் பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வை!

"எல்லா ஆம்பளப் பறவையும் இப்படியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா. ஆண்மயிலு குஞ்சு பக்கமே வராது. டெஸ்டோஸ்டிரோன் தூக்கலா இருந்தா பொதுவா ஆணுக்குச் சண்டை போடத்தான் தோணும்."

"நம்ம வகை அதுதான்" என்றேன்.

"அப்ப போயி அந்தப் புறாவோட சண்ட போடுங்க" என்றாள் உங்கள் மகள்.

ரோஷத்தில் போனேன். கூட்டை ஓரமாய் நகர்த்தலாம் என்று கை நீட்டினேன். இறக்கையால் ஒரே அறை, மாமா! என் மூக்குக்கண்ணாடி கீழ்வீட்டு வாசலில் போய் விழுந்தது. வினோதா ஓடிவந்து, "அய்யோ, அடி பட்டுடுச்சா?" என்றாள். புறாவைத்தான் கேட்டாள். சுகுணா சிரித்துக்கொண்டே, "உக்கார உக்காரத்தாண்ணா அந்தப் பால் சுரக்கிற ஹார்மோன் நல்லா ஏறும்" என்றாள்.

மறுநாள் குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அவன் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். குழந்தை வீறிட்டது. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவன் எழுந்தால்தான் நான் எழுவது என்று வைராக்கியமாக இருந்தேன். கால் மரத்துப் போயிற்று. குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி தூங்கிவிட்டது. சூப்பர்வைசர் கந்தன் போன் போட்டு, "இன்னாப்பா, ஷிப்டுக்கு வரலியா?" என்றார். "அடையில இருக்கேண்ணா" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

இவ்வளவுக்கும் வினோதா என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்க கொழந்தைக்காக உக்காரல. புறாவோட போட்டிக்கு உக்காந்தீங்க." மனசு விட்டுப்போச்சு மாமா. நீங்க வந்து, புறாங்க பறந்து போற வரைக்கும் வினோதாவையும் கொழந்தையையும் மத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.

அத்தைக்கும், காய்ப்பில் இருக்கும் மாந்தோப்புக்கும் என் வணக்கம்.

உங்கள் பிரியமுள்ள,
எல்லப்பன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடாமல் இத்தனை நாள் வைத்திருந்துவிட்டேன். குழந்தை இப்போது பால் குடித்ததும் என் நெஞ்சுமேல்தான் தூங்குகிறாள். வினோதா தூக்கினால் அழுகை. "பெத்தவ நானு, உங்களத் தேடுறாளே!" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள். பாவம், அவளுக்கு ஆறுதல் சொல்ல அவசியம் வாருங்கள். குழந்தையை மட்டும் கேட்காதீர்கள், தரமாட்டேன்.