முறுக்கு டாக்டர்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இடுப்போ முட்டியோ உடைந்த அத்தனை பேரும் ஒருமனதாகத் திட்டுகிற ஆள் ஒருவர்தான். இடித்துவிட்டுப் போன லாரிக்காரனைக்கூட மன்னித்துவிடுவார்கள், அவரை மாட்டார்கள். தொழில் பிசியோதெரபி. கை காலைப் பிடித்து முறுக்குவதால் ஊர் வைத்த பெயர் முறுக்கு டாக்டர். என் போனிலும் அப்படித்தான் பதிந்திருக்கிறது.

திண்டிவனத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். உயரம் ஐந்தடிகூட இருக்காது. ஆனால் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும், பக்கவாதத்தில் கிடந்த எதிர்வீட்டு வாத்தியார், மூன்று மாதமாக அசையாத கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாராம். "பாருங்க, கை வந்துடுச்சி. இன்னும் பத்து வாட்டி இழுங்க" என்றாராம் இவர்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அண்ணனுக்காக. கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் லாரி மோதி, முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே நெருப்பு வைத்தாலும் தெரியாது. இனி நடக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். அதை நான் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. பொங்கலுக்குள் நடந்துவிடலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். பொங்கல் போனதும் சித்திரை என்றேன்.

முதல் நாள், அண்ணி நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்தார்.

"இது எதுக்கு?"

"கால்ல தேய்ச்சி உடத்தான் மேடம்."

"தோசைக்கு ஊத்துங்க. நான் எண்ணெ தேய்க்க வரல."

அண்ணனை ஒருக்களித்துத் திருப்பி, முதுகு முழுக்க டார்ச் அடித்துப் பார்த்தார். முதுகின் அடியில், வாலெலும்பு மேல் காசளவு சிவந்திருந்தது.

"ராத்திரி பகலா யாரு பாத்துக்கறது?"

நான் கையைத் தூக்கினேன்.

"மூச்சு வருதான்னு மட்டும் பாத்தா போதாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி திருப்பிப் படுக்க வைக்கணும். இது புண்ணாச்சின்னா எலும்பு வரைக்கும் போவும். ஆளையே சாப்ட்டுடும்."

அண்ணன் கேட்டார்: "சித்திரைக்குள்ள நடந்துடுவேனாம்மா?"

அண்ணனுக்குப் பின்னாலிருந்து நான் கண்ணாலேயே கெஞ்சினேன். முறுக்கு டாக்டர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நடக்க மாட்டீங்கண்ணா. ஆனா உக்காருவீங்க. நீங்களாவே கட்டில்லேருந்து வீல்சேருக்கு மாறுவீங்க. யாரும் தூக்காம பாத்ரூம் போவீங்க. அதுக்குதான் வந்திருக்கேன்."

அண்ணன் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "உனக்குத் தெரியுமாடா?"

வேறு வழி தெரியாமல் முறுக்கு டாக்டரிடம் கத்தினேன். இனிமேல் வரவேண்டாம் என்றேன். "சரிங்க" என்று போனவர், மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நின்றார்.

"வராதீங்கன்னு சொன்னேனே?"

"உங்களப் பாக்கவா வந்தேன்? நவுருங்க."

அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினார். பிறகு சாப்பாட்டை நிறுத்தினார். ஒரு நாள் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "என்ன உட்டுடும்மா. செத்துப் போறேன்."

அவர் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்த முறுக்கு டாக்டரின் கை நிற்கவில்லை. "சாவறதுன்னாலும் உக்காந்துகினு சாவுங்க. படுத்துகினே போனா ஊரு என்னத்தான் பாத்து சிரிக்கும்."

அடுத்த வாரம் என்னைப் பிடித்தார். "நீங்க படுங்க." பெஞ்சில் படுக்கவைத்து, என் இரண்டு கால்களையும் துண்டால் இறுக்கிக் கட்டினார். "கால அசைக்காம அந்த வீல்சேர்ல போய் உக்காருங்க. ஜல்தி."

கையை ஊன்றி எம்பினேன். சேரின் பிரேக்கைப் போட மறந்திருந்தேன். சேர் சமையலறைப் பக்கம் ஓடிப்போனது. நான் தரையில் குப்புற விழுந்தேன். வேட்டி இடுப்பிலிருந்து அவிழ்ந்து கால்கட்டில் சுருண்டுகொண்டது. மூக்கில் ரத்தம்.

ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். விபத்துக்கு அப்புறம் முதல் தடவை. சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகிப் போனது. "பிரேக்கு போடணும்டா, மடையா" என்றார். அத்தனை நாள் கழித்து என்னிடம் பேசிய பேச்சு அதுதான்.

"அப்ப நீங்க செஞ்சி காட்டுங்க" என்றார் முறுக்கு டாக்டர்.

அன்றைக்கு முடியவில்லை. அதற்கப்புறம் பல மாதம் முடியவில்லை. அண்ணன் விழுந்தார், வாந்தி எடுத்தார், எங்கள் எல்லோரையும் காது கொடுத்துக் கேட்க முடியாதபடி திட்டினார்.

ஆடி மாதம் ஒரு காலையில் தானாகச் சேருக்கு நகர்ந்தார். ஓட்டிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். எட்டு மாதமாக எங்கள் கண்முன்னால் துணி விலகிக் கிடந்த மனிதர் அவர். உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது. அதையும் மீறி அவர் தேம்புவது கேட்டது. அண்ணி ஓடினார். முறுக்கு டாக்டர் குறுக்கே நின்றுகொண்டார்.

"தட்டாதீங்க. எவ்ளோ நாள் கழிச்சி மனுசன் தனியா அழுவுறாரு. அழட்டும்."

அண்ணன் இன்றைக்கும் நடக்கவில்லை. நடக்கப் போவதுமில்லை. சில நாள் காய்ச்சல் வரும், சில நாள் யாரிடமும் பேச மாட்டார். முறுக்கு டாக்டர் இப்போது மாதம் ஒரு தடவைதான் வருகிறார். போன மாதம் அவருக்கே உடம்பு சரியில்லை, வரவில்லை. அண்ணன் காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"போன் போட்டுக் கேளுடா, அந்தப் பொண்ணு கஞ்சி கிஞ்சி குடிச்சிச்சான்னு."

நான் அதற்குள் இரண்டு தடவை கேட்டிருந்தேன்.