மரத்துக்கு நிழல் கொடுத்த மாப்பிள்ளை

வேலை தெரியாதவர்களைப் பற்றி உலகம் வேண்டிய மட்டும் பேசிவிட்டது. வேலை செய்யாதவர்களைப் பற்றி அதைவிட அதிகமாகவே பேசிவிட்டது. பாவம், இந்த இரண்டு கூட்டத்தாலும் யாருக்கும் பெரிய சேதம் கிடையாது. ஒரு ஓரமாக உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நாம் பயப்பட வேண்டியது மூன்றாவது கூட்டத்துக்கு. இவர்கள் வேலையை நன்றாகச் செய்வார்கள், சீக்கிரமாகவும் செய்வார்கள். ஆனால் செய்து முடித்த இடத்தில் கையை எடுக்கத் தெரியாது. இவர்களுக்கு ‘இன்னும்கொஞ்சக்காரர்கள்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். தெருவுக்கு ஒருவராவது இருப்பார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னும்கொஞ்சக்காரர் சுவரில் படம் மாட்டினால் முதல் தடவையே நேராக நிற்கும். பார்ப்பவர்கள் எல்லோரும் ‘பேஷ்’ என்பார்கள். அவர் மட்டும் பின்னால் நகர்ந்து போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ‘இடது பக்கம் ஒரு நூல் ஏத்திட்டா அமர்க்களமா இருக்கும்’ என்பார். அந்த ஒரு நூலுக்காக ஆணியைப் பிடுங்கும்போது காரை பெயரும்; காரையைப் பூசினால் சுண்ணாம்பு வேறு நிறமாகத் தெரியும்; அதை மறைக்க அலமாரியை நகர்த்துவார்; கடைசியில் படம் அலமாரிக்குப் பின்னால் இருக்கும். கதவு கிரீச்சிடுகிறதென்று எண்ணெய் விடுவார். சத்தம் நின்றுவிடும். வந்தது வந்தோம் என்று தாழ்ப்பாளையும் கொஞ்சம் ராவிவிடுவார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கதவைச் சாத்தும்போது நாற்காலியை முட்டுக் கொடுப்பார்கள். கெட்ட மனிதரா? சேச்சே! தங்கமான மனிதர். அதுதான் கஷ்டமே. திட்டக்கூட மனசு வராது.

நம் கதையில் வரும் இன்னும்கொஞ்சக்காரர் ஒரு வீட்டின் மாப்பிள்ளை. மாமனாருக்கு மரம் அறுக்கும் தொழில். ஒரே இடத்தில் பட்டறை போட்டு உட்கார்ந்திருப்பவர் அல்ல. மிஷினை வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு, மரம் எங்கே விழுந்து கிடக்கிறதோ அங்கேயே போய்ப் பலகையாக அறுத்துக் கொடுப்பவர். தரையில் தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்புச் சட்டம், நடுவே படுக்க வைத்த மரம், மேலே என்ஜினும் ரம்பமும் சேர்ந்த ஒரு வண்டி. அந்த வண்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே மாமனார் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் ஒரு பலகை விழும். திரும்பி வந்து மறுபடியும் நடந்தால் இன்னொரு பலகை. நாள் முழுக்க நடை. நடை முழுக்க வெயில்.

போன வாரம் பாதி நடையில் கண்ணை இருட்டிக்கொண்டு வர, மிஷினை நிறுத்திவிட்டு மரத்தூள் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இனிமேல் உச்சி வெயில் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகள் அழுதேவிட்டாள்.

“மிஷினை வித்துடுங்கப்பா. போதும் இந்த வேலை.”

“வித்துட்டு? வீட்டுல உட்கார்ந்து உன் அம்மாகூட சண்டை போடவா?”

அப்போதுதான் மாப்பிள்ளை எழுந்தார். “மாமா, நிழல் என் பொறுப்பு” என்றார்.

அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த அக்கறைக்குள் ஒரு சின்ன ஆசையும் ஒளிந்திருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமனார் வாயிலிருந்து ‘நல்லா இருக்கு மாப்பிள்ளை’ என்று ஒரு வார்த்தை அவர் கேட்டதில்லை. மாமனார் வீட்டுக் குழாயைச் சரி செய்திருக்கிறார், ஸ்விட்சைச் சரி செய்திருக்கிறார், சரியாக இருந்த கடிகாரத்தைக்கூடச் சரி செய்திருக்கிறார். மாமனார் வந்து பார்ப்பார். “ம்” என்பார். போய்விடுவார். அந்த ‘ம்’ ராத்திரி தூக்கத்தில்கூட மாப்பிள்ளையின் காதில் கேட்கும். அலுவலகத்தில் அவருக்குக் கீழே எத்தனையோ பேர் ‘சூப்பர் சார், சூப்பர் சார்’ என்கிறார்கள். அதெல்லாம் ஒரு பாராட்டா? மாமனார் சொல்ல வேண்டும். இந்த நிழல் விஷயத்தில் சொல்லாமல் எங்கே போவார்?

விடுமுறை நாள் காலையில் ஏணி, கயிறு, தார்ப்பாய், நாலு நீளக் கம்பு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, தச்சர் ஒருவரின் பட்டறைக்குப் பின்னால் இருந்த வெற்று மனைக்கு மாப்பிள்ளை வந்து இறங்கினார். கூடவே மிஷினோடு மாமனாரும், மனைவியும்; அப்பாவை அவள் இப்போதெல்லாம் தனியாக விடுவதில்லை. அங்கே ஒரு பெரிய மரம் இரண்டு மூன்று கட்டைகளாக, அறுபடக் காத்திருந்தது. சாயங்காலத்துக்குள் பலகை வேண்டும் என்று தச்சர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மாப்பிள்ளையின் திறமையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சட்டென்று நாலு மூலையிலும் குழி தோண்டிக் கம்பை நட்டார். மரத்தை உருட்டி ஏற்றும் கிழக்குப் பக்கம் உயரமாகவும், மாமனார் நடக்கும் மேற்குப் பக்கம் தாழ்வாகவும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். முளை அடித்துக் கயிற்றை முறுக்கினார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. தண்டவாளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குளுகுளுவென்று நிழல். மாமனார் மிஷினைக் கிளப்பினார், நடந்தார், ஒரு பலகையை அறுத்துப் போட்டார். என்ஜினை நிறுத்தினார். தலைக்கு மேலே ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். மீசைக்குக் கீழே உதடு பிரிந்தது.

“ஒரு நிமிஷம் மாமா!” என்றார் மாப்பிள்ளை.

உதடு மூடிக்கொண்டது. பக்கத்தில் நின்ற மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, அப்பா என்ன சொல்ல வந்தார் என்று. மாப்பிள்ளைக்கோ கண் முழுக்க வேறு ஒன்று: தண்டவாளத்தின் கோடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெயில், மாமனாரின் செருப்பின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அதற்குள் ஏணியில் ஏறிவிட்டார்.

“ஏங்க, செருப்புக்கு வெயில் பட்டா என்னங்க? இறங்கி வாங்க.”

“செருப்புக்குள்ள கால் இருக்குல்ல? சின்ன வேலைதான். இரு.”

சின்ன வேலைதான். அந்த வெயில் கிழக்கிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, கிழக்குப் பக்கம் தரை வரைக்கும் ஒரு திரையைத் தொங்கவிட்டார். செருப்பு நிழலுக்கு வந்தது. மாமனார் மிஷினைத் தள்ளினார். ரம்பம் மரத்தூளை வழக்கம் போலக் கிழக்குப் பக்கம் பீச்சியடித்தது. வழக்கத்துக்கு மாறாக அங்கே ஒரு திரை இருந்ததால், அத்தனை தூளும் திரையில் மோதித் திரும்பி வந்து மாமனாரின் முகத்தில் அப்பியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது புருவமும் மீசையும் ஒரே நிறத்தில் இருந்தன. சரி, திரையைச் சுருட்டி ஏற்ற ஒரு கப்பி வைக்கலாம் என்று மாப்பிள்ளை வைத்தார். கப்பியின் கயிறு ரம்பத்துக்குப் பக்கத்தில் ஆடியது. அதை உயரத் தூக்கிக் கட்டினார். அந்த இழுப்பில் மேல் தார்ப்பாய் பள்ளமாகத் தொங்கி மாமனாரின் தலையைத் தொட்டது. பள்ளத்தை எடுக்க நடுவில் ஏணியை முட்டுக் கொடுத்தார். நடுவில் ஏணி நின்றால் மிஷின் எப்படிப் போகும்? போகாது. அடுத்த மரக்கட்டையை எந்தப் பக்கம் உருட்டி ஏற்றுவது? தெரியாது.

இந்த இடத்தில் நீங்களோ நானோ என்ன செய்வோம்? எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு முதலில் இருந்த மாதிரியே கட்டிவிடுவோம். இன்னும்கொஞ்சக்காரருக்கு மட்டும் அந்த வழி கண்ணிலேயே படாது. அவருக்குப் பின்னோக்கிப் போவதென்றால் வண்டியில் மட்டும்தான்.

“அடிப்படையே தப்பு மாமா” என்றார், வேர்த்து வழிந்த முகத்தில் புது வெளிச்சத்தோடு. “பந்தல் ஒரே இடத்துல நிக்குது. நீங்க நடக்கறீங்க. உங்ககூட நிழலும் நடக்கணும்!”

“ம்” என்றார் மாமனார்.

டீக்கடைக்காரரிடம் மாப்பிள்ளை கெஞ்சிக் கூத்தாடிக் கடை வாசலில் இருந்த பெரிய குடையை வாங்கி வந்தார். பந்தலைப் பிரித்தார். நாலில் ஒரு கம்பை மூன்று துண்டாக அறுத்து, கம்பி போட்டுக் கட்டி, ரம்ப வண்டியின் மேல் ஒரு கை மாதிரி நிறுத்தி, அதில் குடையைப் பொருத்தினார். குடை மிகச் சரியாக மாமனாரின் உச்சந்தலைக்கு மேலே நின்றது. இதெல்லாம் முடிவதற்குள் சூரியன் மேற்கே சாய ஆரம்பித்துவிட்டது. அது மாப்பிள்ளைக்காகக் காத்திருக்குமா?

மாமனார் மிஷினைத் தள்ளினார். குடை கூடவே நடந்தது. நிழலும் நடந்தது. எங்கே? மேற்கு வெயில் சாய்வாக விழுந்ததால், குடையின் நிழல் மாமனாரைத் தாண்டிப் போய், படுத்துக் கிடந்த மரத்தின் மேல் கச்சிதமாக விழுந்தது. நின்ற காலமெல்லாம் ஊருக்கு நிழல் கொடுத்த மரம். அதற்கும் ஒருவர் நிழல் கொடுக்க வேண்டுமென்று இருந்திருக்கிறது. காற்று அடித்தபோதெல்லாம் குடை ரம்ப வண்டியையும் சேர்த்து உலுக்கியது. பலகை அலை அலையாக வந்தது. மாமனார் கோடிவரை போய் நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “மரத்துக்கு நல்ல நிழல் மாப்பிள்ளை” என்றார்.

அந்த ‘நல்ல’வைக் கேட்டு மாப்பிள்ளை ஒரு கணம் பூரித்துப்போனார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுத்த கணமே பூரிப்பு போய்விட்டது. மாமனார் கைப்பிடியை விடவில்லை, சாய்ந்து பிடித்துக்கொண்டிருந்தார். முகம் செக்கச் சிவந்திருந்தது.

“அப்பா!” என்று மகள் ஓடினாள். என்ஜினை அணைத்து, அவரைத் தாங்கிப் பிடித்து மிஷினை இழுத்து வந்த வண்டிக்குள் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, துண்டை நனைத்துத் தலையில் போட்டாள். மாப்பிள்ளை கையில் கம்பியோடு அப்படியே நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு அடுத்த யோசனை வரவில்லை. பயமாக இருந்தது. வெட்கமாக இருந்தது. காலையில் எல்லாம் சரியாக இருந்ததே, யார் கெடுத்தது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கே வேறு யாரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மாமனாரின் முகம் தெளிந்தது. “மீதி மரத்தை முடிச்சுடறேன்” என்று இறங்கப் பார்த்தார்.

“நான் சொல்ற வரைக்கும் உட்காருங்க” என்ற மகள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குடையைக் கழற்றி எறிந்தாள். காலையில் தோண்டிய குழிகள் அப்படியேதான் இருந்தன. கம்புகளை நட்டாள், தார்ப்பாயை விரித்தாள், முடிச்சுப் போட்டாள். மேற்குப் பக்கத்தை இன்னும் ஒரு முழம் இறக்கினாள். மூன்று மூலை நின்றது. நாலாவது மூலைக்குக் கம்பு இல்லை. அது மூன்று துண்டாகக் கிடந்தது.

அவள் கணவரைப் பார்த்தாள்.

“இங்க வாங்க. கையைத் தூக்குங்க. ரெண்டு கையையும்.”

“எதுக்கு?”

“தூக்குங்கன்னா தூக்குங்க.”

தார்ப்பாயின் நாலாவது மூலையை அவர் கையில் கொடுத்து, கயிற்றால் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றி, முளையில் கட்டினாள். “அசைஞ்சீங்க, அப்பா தலையில வெயில் விழும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாமனார் நிழலில் நடந்தார். பலகைகள் கண்ணாடி மாதிரி விழுந்தன. மாப்பிள்ளை நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எதிர் மூலையில் ஒரு முடிச்சு சற்றே தளர்ந்திருந்தது. தார்ப்பாயின் ஓரம் இரண்டு விரல் கோணலாக இருந்தது. ஒரு முளை இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கலாம். அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. ஒரு தடவை வாயைத் திறந்தார். “ஏங்க” என்றாள் மனைவி, திரும்பாமலேயே. மூடிக்கொண்டார். தோள் வலித்தது, மூக்கில் ஈ உட்கார்ந்தது. ஆனாலும் மூலையை மட்டும் அவர் இறக்கவில்லை. மாமனார் கைப்பிடியில் சாய்ந்து நின்றதை அவரும் பார்த்தவர்தானே.

சாயங்காலம் தச்சர் வந்தார். “அட, இது யாருண்ணே நாலாவது கம்பு?” என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

மாமனார் சிரிக்கவில்லை. கடைசிப் பலகையை அறுத்துப் போட்டுவிட்டு என்ஜினை நிறுத்தினார். அண்ணாந்து தார்ப்பாயைப் பார்த்தார். அதன் மூலையைத் தொடர்ந்து கயிற்றைப் பார்த்து, கையைப் பார்த்து, மாப்பிள்ளையின் முகத்துக்கு வந்தார். மீசைக்குக் கீழே உதடு பிரிந்தது. இந்தத் தடவை குறுக்கே யாரும் பேசவில்லை.

“நல்லா இருக்கு மாப்பிள்ளை” என்றார்.

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

இத்தோடு முடிந்தது. ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஒன்று உறுத்தியிருக்கும். ஏணிதான் சும்மா நின்றதே, அதை நாலாவது மூலையில் நிறுத்திக் கயிற்றைக் கட்டிவிட்டால் பாவம், அந்த மனிதர் இப்படிக் கை தூக்கி நின்றிருக்க வேண்டாமே என்று. நல்ல யோசனைதான். அந்தப் பெண்ணும் ஏணியைப் பார்க்காமல் இல்லை. ஏணியையும் பார்த்தாள், கணவரையும் பார்த்தாள், இரண்டில் எதைக் கட்டிப்போட வேண்டும் என்று யோசித்துத்தான் கட்டினாள். அவளுக்கு அந்த ஏணி தேவைப்படவில்லை. உங்களுக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது. எதற்கும் இன்று வீட்டில் யாராவது கயிற்றோடு வந்து ‘கொஞ்சம் கையைத் தூக்குங்க’ என்றால், ஏன் என்று கேட்காமல் தூக்கிவிடுங்கள்.