பெருக்கல் குறி போட்ட இடம்

கையெழுத்துப் போட்டு மூன்று நாள் கழித்துத்தான், அது மலை ஓட்டத்துக்கான படிவம் என்பது லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரிந்தது.

மகள் தாளை நீட்டினாள். பெருக்கல் குறி போட்ட இடத்தில் போட்டுக் கொடுத்தார். தினமும் பத்துப் பன்னிரண்டு லிஃப்டுகளின் சோதனை அட்டையில் அப்படித்தான் போடுகிறார். குறி எங்கேயோ பேனா அங்கே. படித்துப் பார்க்கிற பழக்கமில்லை.

இப்போது ஃபிரிட்ஜ் கதவில் அவள் எழுதிய காகிதம் தொங்கியது. 'மலை ஓட்டம். 30 கி.மீ. இன்னும் 120 நாள்.' அவளுக்கு எட்டு வயது. சுண்டு என்று கூப்பிடுகிற அளவுக்குத்தான் உயரம்.

"முப்பது கிலோமீட்டரா? முடியுமா அது?"

சுண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பழகுனா முடியும்ப்பா. பேரு குடுத்தாச்சு."

அவள் அம்மா போனதிலிருந்து, ஒன்றரை வருஷமாக அந்த வீட்டில் இரண்டு பேர்தான். அதற்குப் பிறகு அவள் ஆசைப்பட்டு எதையும் கேட்டதில்லை. முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேறு யாராவது சொல்லட்டும்.

சூப்பர்வைசரிடம் புலம்பப் போனார். தொண்டையில் புலம்பலாக இருந்தது, வெளியே வரும்போது பெருமையாக மாறிவிட்டது. எட்டே வயசு சார், முப்பது கிலோமீட்டர் என்றார். சொல்லும்போதே நெஞ்சு ஓர் அங்குலம் முன்னால் வந்தது. மதியத்துக்குள் பட்டறை முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் பேனருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டராவது தடுப்பார் என்று சுண்டுவை அழைத்துப் போனார். அவள் இதயம் கடிகாரம் மாதிரி அடிக்கிறது என்றார் டாக்டர். பிறகு ரத்த அழுத்தக் கருவியை மெக்கானிக்கின் கையில் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவையும் சுற்றிப் பார்த்தார்.

"குழந்தைக்கு வளர்ற மூட்டு. தாகமெடுத்தாக்கூட விளையாட்டு ஜோர்ல சொல்லாது. பெரியவங்க கைதட்டினா நிறுத்தவே நிறுத்தாது. அதனால குழந்தை ஓரடிகூடத் தனியா ஓடக் கூடாது. நீங்க கூடவே ஓடணும். அதுக்கு முதல்ல நீங்க பழகணும்."

தடை வாங்கப் போனவர் வீட்டுப்பாடத்தோடு திரும்பினார்.

சரி, களைத்துப் போனால் அவளாகவே விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டு, பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டுக்குக் கூட்டிப் போனார். இருபது வருஷமாக அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பார்க்கிறவர், அதன் படிக்கட்டை அன்றுதான் பார்த்தார். சுண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்து விசிலை எடுத்தாள்.

"நீயும் ஏறும்மா."

"டாக்டர் என்ன சொன்னாரு? முதல்ல நீதான்."

மூன்றாவது மாடியில் கண் இருட்டியது. கீழேயிருந்து விசில் கேட்டது. ஏறினார்.

அடுத்த மாதம் தெருவில் ஓட்டம். அவர் ஓட, அவள் பக்கத்தில் சைக்கிளில் வந்தாள். இறங்கி ஓடு என்றால், "வளர்ற மூட்டுப்பா" என்றாள். நோட்டில் தினமும் ஏதோ குறித்துக்கொண்டாள். அவருடைய பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை விழுந்தது. பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே லிஃப்டுக்குள் நுழைந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள்.

"எட்டுப் பேர் ஏறுற லிஃப்ட்ல ஒம்பதாவது ஆள் கால் வச்சாலே கத்துறவன் நீ. எட்டு வயசுப் புள்ள மேல முப்பது கிலோமீட்டர ஏத்துறியே, நல்லாருக்கா?"

அவர் மனதில் இருந்ததைத்தான் அவள் கேட்டாள். அதனாலேயே ரோஷம் வந்துவிட்டது. என் பொண்ணால முடியும்க்கா என்று ஒன்றரை மணி நேரம் வாதாடினார். பிள்ளைகளின் உறுதி, மூச்சுப் பயிற்சி என்று தெரியாததையெல்லாம் பேசினார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார்.

நூற்றிருபதாவது நாள் காலை. மலையடிவாரத்தில் பட்டறை ஆட்கள் பேனரைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார்கள். சுண்டு தொப்பியும் விசிலுமாக வந்தாள். மெக்கானிக் அவளுடைய ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார். அந்தக் கால் அவர் உள்ளங்கையைத் தாண்டவில்லை. நிமிர்ந்து மலையைப் பார்த்தார். கட்டிய நாடாவை அவிழ்த்தார்.

"வேண்டாம்மா. இது பெரியவங்க ஓடுற ஓட்டம். எல்லாரும் சிரிச்சா சிரிக்கட்டும். நீ ஓட வேண்டாம்."

அழுவாள் என்று எதிர்பார்த்தார்.

"சரிப்பா" என்றாள் சுண்டு.

பேனர்க்காரர்களைப் பார்க்காமல், பதிவு மேஜைக்கு நேராக நடந்தார். நான்கு மாதமாகச் சொல்ல வராத வார்த்தை வந்துவிட்டதில் நெஞ்சு லேசாக இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம், மகளுடைய பெயரை அடித்துவிடச் சொன்னார்.

அவள் பட்டியலில் விரலை ஓட்டினாள். படிவத்தை உருவி, பெருக்கல் குறி போட்ட இடத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பதினாறு வயசுக்குக் கீழ நாங்க யாரையும் சேர்க்கிறதில்லையே சார். ஓடுறது நீங்க, பாப்பா உங்க கோச். போன வாரம்கூட உங்க அக்காவோட வந்து, 'எங்கப்பா கடைசியா வந்தாலும் கண்டிப்பா வந்துடுவாரு, அதுவரைக்கும் கேட்டை மூடிடாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சே."