சம்பந்தி காந்தம் வைத்த சனிக்கிழமை

அன்புள்ள மைத்துனன் வெண்டலுக்கு,

ஒஹையோவிலிருந்து உன் அத்தான் டெல்பர்ட் எழுதிக்கொள்வது. உன் அக்கா லொரெட்டா சௌக்கியம், நாய் சௌக்கியம், பின்கட்டு மக்காச்சோளமும் சௌக்கியம். நான்தான் சனிக்கிழமையிலிருந்து தொண்டையில் சாப்பாடு இறங்காமல் அலைகிறேன். இண்டியானாவில் நீயும் தூண்டிலும் தோட்டாவும் விற்கிற உன் கடையும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். உன்னை நேரில் பிடித்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கும்வரை உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது.

உன் மருமகள் ஜனெல்லுக்கு நிச்சயமான சேதி உனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் அப்பா ஹார்லன் ஸ்டபில்ஃபீல்ட் எங்கள் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் சுடுதளத்தையே கட்டி ஆளுகிறவர் என்பதும் தெரியும். அவர், "சனிக்கிழமை வாங்க டெல்பர்ட், ரெண்டு பேரும் கொஞ்சம் சுடுவோம், கல்யாணத்துக்கு முன்னாடி பழகின மாதிரி இருக்கும்" என்றார். ஜனெல் என்னைத் தனியே இழுத்து, "அப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அங்க வந்து கஞ்சத்தனத்தக் காட்டிராதீங்க" என்றாள். நான் யோக்கியமாகத்தான் கடைக்குப் போனேன். கடைக்காரன் முனை குழிந்த தோட்டாவைக் காட்டினான்; விலையைக் கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். "அது வீட்டுக் காவலுக்கு, காகிதத்தைச் சுட இந்த உருண்டை முனை போதும்" என்று பித்தளை உறைத் தோட்டாவைக் காட்டினான், அதுவும் கசந்தது. சுட்டுப்போட்ட உறையில் யாரோ வீட்டில் மறுபடி வெடிமருந்து அடைத்த தோட்டா மலிவுதான், ஆனால் யார் அடைத்தானோ, என்ன ஞாபகத்தில் அடைத்தானோ என்று பயம். அந்த நேரம் பார்த்து உனக்குப் போன் செய்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "அத்தான், தோட்டான்னா தோட்டாதான். காகிதத்துல ஓட்டை விழுந்தாச் சரி. நம்ம கடையில இரும்பு உறை போட்டது கெடக்கு, பாதி விலைக்குத் தர்றேன்" என்றாய். நீயே வண்டியில் கொண்டுவந்து கார் கொட்டகையில் இறக்கிவிட்டு, உன் அக்கா சுட்ட ஆப்பிள் பலகாரத்தையும் தின்றுவிட்டுப் போனாய்.

சுடுதளத்தில் ஊரே நிற்கிறது. நான் பெட்டியைப் பெருமையாக மேசையில் வைத்தேன். சம்பந்தி சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை, சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் கிட்டே கொண்டுபோனதுதான் தாமதம், தாய்ப்பன்றியிடம் குட்டிகள் முண்டுகிற மாதிரி தோட்டாக்கள் அதில் போய்த் தொங்கின. "இது இங்க ஆகாது டெல்பர்ட். உறை மட்டுமில்ல, குண்டு மேலயும் இரும்புத் தகடு, பின்சுவத்துல பட்டா நெருப்புப் பொறி பறக்கும். வெளியே போர்டுலயே எழுதியிருக்கே" என்றார். எழுதித்தான் இருந்தது, நான் அதன்மேல்தான் சாய்ந்து நின்று காபி குடித்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள், "வாங்குறதே வாங்குறீங்க, பித்தளையா வாங்கப்படாதா?" என்று இரக்கப்பட்டாள். கூட வந்திருந்த ஜனெல்லின் முகம் செத்துவிட்டது.

பாவம் மனுஷன், தன் பித்தளைத் தோட்டாவையே எனக்குக் கொடுத்தார். விலை உயர்ந்த சரக்காயிற்றே என்று நான் நடுங்கி நடுங்கிச் சுட்டதில் என் காகிதம் கன்னி கழியாமல் நிற்கிறது, அவர் காகிதத்தில் என் ஓட்டைகள். போகட்டும் என்றால், எல்லோரும் சுட்டு ஓய்ந்தபின் தரையில் வெற்று உறைகள் பளபளவென்று கிடந்தன. பித்தளை விலை போகுமே என்று, வெண்டல், என் கை சும்மா இருக்கவில்லை. குனிந்து பொறுக்கிக் கால்சட்டைப் பை நிறையப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே சம்பந்தி. "அதெல்லாம் என்னோடது டெல்பர்ட், நான் திரும்ப அடைக்கிறதுக்கு வச்சிருக்கேன்" என்றார். ஒவ்வொன்றாக எடுத்து அவர் தொப்பியில் போட்டேன். கிளம்பும்போது முகத்தை இறுக்கிக்கொண்டு, "உங்ககிட்டத் தனியாப் பேசணும். வீட்டுக்கு வர்றேன்" என்றார். அவ்வளவுதான், நிச்சயத்தை முறிக்கத்தான் வருகிறார்! என் பிள்ளையின் வாழ்வு போயிற்று. அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். பெற்ற வயிறு எரிகிறதடா. ஆகவே நீ உடனே புறப்பட்டு வா. சம்பந்தியிடம் எல்லாம் உன் தப்பு என்று ஒப்புக்கொள். அந்தச் சனியன் பிடித்த பெட்டிகளை அள்ளிக்கொண்டு போய்விடு. இனி ஜென்மத்துக்கும் எனக்குத் தோட்டா யோசனை சொல்லாதே.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உன் மனைவிக்கு அன்பு. உனக்கு எதுவும் கிடையாது.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்,
டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ்

பி.கு.: கடித உறையை ஒட்டும்போது சம்பந்தி வந்துவிட்டார். கல்யாணம் ஜூனிலேயே நடக்கிறது. அதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லையாம். அவர் தம்பி பண்ணையில் மண்மேடு ஒன்று இருக்கிறதாம், அங்கே எந்தத் தோட்டாவையும் சுடலாமாம். "அந்தப் பெட்டிங்களத் தூக்கிப் போட்டுட்டீங்களா? இன்னும் கெடைக்குமா?" என்று கேட்கிறார். மறு அடைப்புக்கு வெடிமருந்து வாங்கியே கட்டுப்படியாகவில்லையாம். நீ எதையும் எடுத்துப்போக வேண்டாம்; கடையில் மிச்சமிருப்பதையும் கொண்டு வா. பின்வாசல் வழியாக வா, ஹாரன் அடிக்காதே. சம்பந்தியம்மா வண்டியில் உட்கார்ந்திருக்கிறாராம், இன்னும் தோட்டா வாங்குவது அவருக்குத் தெரியக் கூடாதாம், சம்பந்தி மெதுவாகப் பேசச் சொல்கிறார்.